முருகனுக்குப் பாக்கி இல்லை

விராலிமலை முருகனுக்குச் சுருட்டு படைப்பது பழைய வழக்கம். மழை வெள்ளத்தில் ஆற்றைக் கடக்க முடியாமல் தவித்த கருப்பமுத்து என்ற பக்தரிடம் சுருட்டு வாங்கிப் புகைத்து, அவரைப் பத்திரமாகக் கரையேற்றியும் விட்டவர் முருகனே என்பது கதை. ‘சாமிக்குச் சுருட்டா?’ என்று புதுக்கோட்டை மன்னர் ஒருவர் தடுத்துப் பார்த்தார், பிறகு அவரே அனுமதித்துவிட்டார் என்றும் சொல்வார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. நான் கேட்க வந்தது வேறு. நேர்ந்துகொண்ட கடனை வசூலிக்க அந்த மலையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? நேர்ந்தவர் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லை. ரசீது கிடையாது, நோட்டீஸ் கிடையாது, கெடு தேதி கிடையாது. ஆனாலும் ஆள் படியேறி வந்து கடனைத் தீர்த்துவிட்டுத்தான் போகிறார். கையில் காசில்லை என்றால் வட்டிக்கு வாங்கியாவது மொட்டை போடுகிறார், காவடி எடுக்கிறார், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிறார்.

அதே மனிதரின் வண்டி எண்ணில் 500 ரூபாய் அபராதம் நிலுவையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தக்கூடாத இடத்தில் வண்டியை நிறுத்தியதற்காகப் போட்டது. இதற்குத் தேதி உண்டு, நேரம் உண்டு, பின்பக்கம் தெரியும்படி எடுத்த புகைப்படம்கூட உண்டு. கைப்பேசிக்குச் செய்தியும் வந்துவிட்டது. கட்டுவாரா? “கட்டிக்கலாம்ப்பா, எங்க ஓடிப்போகப் போகுது” என்பார். வண்டியை விற்கும்போதோ, எஃப்.சி. எடுக்கப் போகும்போதோ நிலுவை குறுக்கே வந்து நின்றால்தான் அதைப் பற்றிய பேச்சே எழும். அப்போதும் முதல் கேள்வி, “யாரையாவது பிடிச்சுக் குறைக்க முடியுமா?” என்பதுதான்.

இவர் ஒருவர் இல்லை. 2024-ல் இந்தியா முழுவதும் போட்ட போக்குவரத்து அபராதம் சுமார் 12,000 கோடி ரூபாய் என்றும், அதில் ஏறக்குறைய 9,000 கோடி கட்டப்படவே இல்லை என்றும் பழைய கார் விற்கும் கார்ஸ்24 நிறுவனம் கணக்கு வெளியிட்டது. நான்கில் மூன்று பங்கு பாக்கி. இந்த நாட்டில் நேர்த்திக்கடன் நான்கில் மூன்று பங்கு பாக்கி நிற்கிறது என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா?

பயம்தான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். சாமி கண்ணைக் குத்தும், அரசாங்கம் குத்தாது. சிவன் சொத்து குல நாசம் என்று சொல்லிவைத்த ஊரில், சாலையை அடைத்தால் குலம் நாசமாகும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. இது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி இன்னும் சங்கடமானது. நேர்ந்துகொண்டவருக்குத் தான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று தெரியும். அபராதம் கட்ட வேண்டியவருக்கு அது தெரியாது. போலீஸ்காரருக்குத் தர வேண்டியது என்று ஒருவர் நினைக்கிறார், அரசாங்கத்துக்கு என்று இன்னொருவர் நினைக்கிறார். போலீஸ்காரர் வேண்டாதவர், அரசாங்கம் பணக்காரன். இரண்டு பேருக்கும் பாக்கி வைப்பதில் எவனுக்கும் மனசு உறுத்தாது.

சரி, உண்மையில் யாருக்குக் கடன்?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 122-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். பொது இடத்தில் ஆபத்தோ, தடையோ, தேவையற்ற இடைஞ்சலோ ஏற்படும்படி வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறது. ஆபத்து, தடை, இடைஞ்சல் ஆகிய மூன்றும் யாரோ ஒரு மனிதருக்கு நேர்பவை. அரசாங்கத்துக்கு இடைஞ்சல் வராது. அதற்குக் கால் இல்லை, நடந்து போக வேண்டியதும் இல்லை. இடைஞ்சல் படுகிறவர் வேறு ஆள். திருச்சியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், மதுரை போகும் நான்குவழிச் சாலையை ஒட்டியிருக்கிறது விராலிமலை. தைப்பூசமோ வைகாசி விசாகமோ வந்தால் எங்கெங்கிருந்தோ வண்டிகள் வந்து இறங்கும். கடைவாசலில் ஒரு கார், அதன் பக்கத்தில் இரண்டு டூவீலர், எதிரே ஒரு லோடு ஆட்டோ. இவ்வளவு போதும். கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பெண் ஓரத்தை விட்டு நடுரோட்டுக்கு இறங்க வேண்டும். தடியூன்றி வருகிற கிழவர் பஸ்ஸின் ஹாரனுக்கு ஒதுங்க இடமில்லாமல் நிற்க வேண்டும். சக்கர நாற்காலிக்காரர் திரும்பிப் போக வேண்டியதுதான். 108 வந்தால் ஒவ்வொரு வண்டியின் சொந்தக்காரரையும் டீக்கடையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு வர வேண்டும்.

“அஞ்சு நிமிசந்தானே நிறுத்தினேன்” என்கிறார் வண்டிக்காரர். அவர் சொல்வது பொய்யில்லை. அவருடைய ஐந்து நிமிடம் அவருக்கு ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தில் அந்த வழியே நாற்பது பேர் போயிருந்தால் நாற்பது பேரிடமிருந்தும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கிறார். எடுத்தது சிறிது என்பதால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். நாற்பது பேரும் ஒரே ஆளாக இருந்திருந்தால் அடிதடி நடந்திருக்கும்.

ஆகவே அந்த 500 ரூபாய் அந்த நாற்பது பேருக்குப் பட்ட கடன். அவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கொடுக்க முடியாது என்பதால் அவர்கள் சார்பில் அரசாங்கம் வாங்கிக்கொள்கிறது. வாங்குகிற கை அழுக்காக இருக்கிறது என்பதற்காகக் கடன் இல்லாமல் போய்விடாது.

கருப்பமுத்து கதையையே இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். கதையில் முருகன் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, சுருட்டுப் பிடித்தார். இன்னொன்று, வழி தெரியாமல் நின்றவனுக்கு வழி பண்ணிக் கொடுத்தார். இரண்டில் எது பெரிய காரியம் என்று பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்டாலும் சரியாகச் சொல்லும். நாம் தலைமுறை தலைமுறையாகச் சுருட்டைப் பிடித்துக்கொண்டோம். வழிவிட்டதை விட்டுவிட்டோம். சுருட்டைப் படைக்கப் போகிற அவசரத்தில் அடுத்தவன் வழியில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறோம். பக்தி இல்லாத நான் இதைச் சொன்னால் கோபம் வரும். பக்தி உள்ளவர்களாவது சொல்லியிருக்க வேண்டாமா?

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். அவை லேசானவை இல்லை.

முதல் வாதம்: “வண்டியை நிறுத்த இடம் எங்கே? இடம் காட்டாமல் அபராதம் போடுவது வழிப்பறி.” இதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. வண்டி விற்க அனுமதி கொடுத்து, சாலை வரி வாங்கி, கல்யாண மண்டபத்துக்கும் வணிக வளாகத்துக்கும் வாகனம் நிறுத்த இடம் விடாமலே கட்ட விட்டுவிட்டு, கடைசியில் தெருவில் நின்ற வண்டியைப் படம் பிடிப்பது நேர்மையான நிர்வாகம் இல்லை. இடம் இல்லாததன் விலை சில நேரம் உயிராகவும் இருக்கிறது. 2023 டிசம்பர் 30 அதிகாலை, இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் நமணசமுத்திரம் அருகே தேநீர் குடிக்க வண்டிகளை நிறுத்தியிருந்த பக்தர்கள்மீது சிமெண்ட் லாரி ஒன்று பாய்ந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. விரைவுச் சாலை போடத் தெரிந்த நாட்டுக்கு, அந்தச் சாலையில் போகிறவன் இறங்கி ஒரு டீ குடிக்கப் பாதுகாப்பான இடம் ஒதுக்கத் தெரியவில்லை.

ஆனால் இந்த வாதத்தைச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் இடம் இல்லாததால் நிறுத்தினார்கள், எத்தனை பேர் நூறு அடி நடக்கச் சோம்பல்பட்டு நிறுத்தினார்கள்? நூறு அடி தள்ளிக் காலி இடம் இருந்தும் கடை வாசலிலேயே ஸ்டாண்டு போட்டவருக்கு இந்த வாதம் பொருந்தாது. மலைப்படி ஏறத் தெம்பிருக்கிறது, கடைத்தெருவில் நூறு அடி நடக்கத் தெம்பில்லை என்று சொன்னால் யார் நம்புவது?

இரண்டாவது வாதம்: “எனக்குப் போட்டது தப்பான அபராதம்.” இருக்கலாம். இந்த ஊரைத் தாண்டாத வண்டிக்கு வேறு மாவட்டத்திலிருந்து அபராதம் வருவதும், எண் பலகையைத் தப்பாகப் படித்துவிடுவதும் நடக்கிறது. அப்படியென்றால் மறுப்புச் சொல்லுங்கள், நீதிமன்றத்துக்குப் போங்கள். அந்த உரிமையைச் சட்டம் தருகிறது. அந்த இடத்திலேயே கட்டித் தீர்த்துக்கொள்வது நீங்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளும் ஒரு வழிதான். கட்டமாட்டேன், நீதிபதி முன்னால் பேசிக்கொள்கிறேன் என்று சொல்கிறவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். அது தன்மானம். கட்டவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேன், சும்மா கிடக்கட்டும் என்பதற்குத்தான் பகுத்தறிவில் இடம் இல்லை.

மூன்றாவது, யாரும் வாய்விட்டுச் சொல்லாத வாதம்: நூறு ரூபாயைக் கையில் வைத்துவிட்டுப் போவது. “பாவம், அவரும் வெயில்ல நிக்கிறாரு” என்று அதற்கு ஒரு கருணை முலாம் வேறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். கொடுத்தவருக்கு 400 ரூபாய் லாபம். வாங்கியவருக்கு 100 ரூபாய் லாபம். வழி மறிக்கப்பட்ட நாற்பது பேருக்கு முழு நஷ்டம். இரண்டு பேர் சேர்ந்து மூன்றாவது ஆளின் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வதற்கு வேறு பேர் உண்டு. கடவுளிடம் ‘இதைச் செய்தால் அதைத் தருகிறேன்’ என்று பேரம் பேசிப் பழகிய நாக்குக்குச் சீருடையிடமும் அதே பேரம் எளிதாக வருகிறது.

நான்காவது வாதம்தான் பலமானது: “மேலே உள்ளவன் கட்டுகிறானா?”

2024 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். நாகர்கோவிலிலிருந்து தூத்துக்குடி போன அரசுப் பேருந்தில் நாங்குநேரியில் ஏறிய காவலர் ஒருவர், பணியில் போகிறேன், டிக்கெட் எடுக்க மாட்டேன் என்றார். நடத்துநர் விடவில்லை. அந்த வாக்குவாதம் காணொளியாக ஊரெல்லாம் சுற்றியது. வாரண்ட் இருந்தால்தான் இலவசம், இல்லையென்றால் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறை சொன்னது. அதற்கடுத்த சில நாட்களில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் அரசுப் பேருந்துகளுக்குத் திடீரென்று அபராதம் விழ ஆரம்பித்தது. நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தினாய், சீட் பெல்ட் போடவில்லை, சீருடை சரியில்லை என்று காரணங்கள். கடைசியில் உள்துறைச் செயலாளரும் போக்குவரத்துத் துறைச் செயலாளரும் பேசி முடித்தார்கள். காவலரும் நடத்துநரும் கட்டிப்பிடித்துச் சமாதானமானார்கள். எல்லோரும் சிரித்துவிட்டு அடுத்த காணொளிக்குப் போய்விட்டோம்.

அந்தச் சிரிப்பில் ஒரு கேள்வி அமுங்கிப் போனது. அந்தப் பேருந்துகள் நின்ற இடம் அதற்கு முந்தைய வாரம் நோ பார்க்கிங் இல்லையா? இருந்தது. பேருந்துகள் அங்கே நிற்கவில்லையா? நின்றன. காவலர்கள் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். அப்படியென்றால் அந்த வாரம் மட்டும் அபராதம் போட வைத்தது சட்டம் இல்லை, கோபம். கோபம் தணிந்ததும் அபராதமும் நின்றது. பயணிக்கு ஏற்பட்ட இடைஞ்சல் முன்னும் இருந்தது, பின்னும் இருந்தது. அது யார் கணக்கிலும் வரவில்லை. அபராதம் என்பது கோபத்தின் ஆயுதம் என்று அரசே தன் இரண்டு கைகளாலும் நடித்துக் காட்டிய பிறகு, சாமானியன் அதை மதிக்க வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது?

இத்தனைக்கும் சட்டத்தில் ஓட்டை இல்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 210-பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உள்ளவர்களே சட்டத்தை மீறினால் அவர்களுக்கு இரண்டு மடங்கு தண்டம் என்கிறது அது. சாமானியனுக்கு 500 என்றால் அமல்படுத்துகிறவருக்கு 1,000. இந்திய நாடாளுமன்றம் இயற்றிய நல்ல வரிகளில் இது ஒன்று. அந்த வரியின்படி ரசீது கிழிக்கப்பட்டதை உங்களில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்?

அதற்குப் பதில் நாம் பார்ப்பது ஸ்டிக்கர். காவல், பத்திரிகை, வழக்கறிஞர், கட்சிக்கொடி. கையில் கட்டினால் பேய் அண்டாது என்று தாயத்து விற்ற காலம் போய், கண்ணாடியில் ஒட்டினால் போலீஸ் அண்டாது என்று ஸ்டிக்கர் விற்கிற காலம். 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை இப்படிப்பட்ட ஸ்டிக்கர்களுக்கே 500 ரூபாய் அபராதம் என்று அறிவித்துக் களத்தில் இறங்கியது. தாயத்து பலிக்கவில்லை என்றால் யாரும் அதை வாங்க மாட்டார்கள். ஸ்டிக்கர் இன்னும் விற்கிறது.

ஆகவே, ‘மேலே உள்ளவன் கட்டுகிறானா?’ என்ற கேள்விக்கு என் பதில்: பெரும்பாலும் இல்லை. அதிலிருந்து வரவேண்டிய முடிவு ‘நானும் கட்ட மாட்டேன்’ என்பது ஆகாது. பண்ணையார் வாய்க்காலை மறித்தால் குடியானவன் செய்ய வேண்டியது அவர் மறிப்பை உடைப்பது. தன் பங்குக்குக் கீழ்மடைக்காரனுக்குப் போகிற தண்ணீரைத் தானும் மறிப்பதற்குப் பெயர் போராட்டம் இல்லை. உங்கள் வண்டியால் நடுரோட்டுக்கு இறங்கிய பெண், மேலே உள்ளவனின் ஆள் இல்லை. அவளுக்கு வைத்த பாக்கியை அமைச்சர் காரைக் காட்டி நியாயப்படுத்த முடியாது.

இப்போது வசூலிக்கிறவர்களின் சாமர்த்தியத்தைப் பார்ப்போம். பாக்கி மலைபோல் ஏறியதும் அரசுகள் கண்டுபிடித்த வழி தள்ளுபடி. 2022-ல் தெலங்கானா இருசக்கர வாகன அபராதத்தில் 75 விழுக்காட்டைத் தள்ளுபடி செய்தது. கூட்டம் அலைமோதியது, கோடிகள் குவிந்தன. 2023 டிசம்பரில் மறுபடி 80 விழுக்காடு தள்ளுபடி. கர்நாடகம் 2023 பிப்ரவரியில் பாதிக்குப் பாதி என்றது. சில நாட்களில் 100 கோடிக்கு மேல் வந்து விழுந்தது. பிறகும் அதே சலுகையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தது. கஜானாவைப் பார்த்தால் வெற்றி. ஒழுக்கத்தைப் பார்த்தால்?

தெலங்கானாவில் 2022 பிப்ரவரியில் முழுத் தொகையைக் கட்டிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் செய்த குற்றம், சட்டத்துக்கு உடனே பணிந்தது. அடுத்த மாதம்வரை இழுத்தடித்தவருக்குக் கால்வாசிதான் செலவு. 2023-ல் அவர் மறுபடி அபராதத்தில் மாட்டினால் என்ன செய்வார்? காத்திருப்பார். அவரைக் காத்திருக்கச் சொல்லிக்கொடுத்தது அரசு. ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருந்து சேலை எடுப்பதில் தவறில்லை, ஏனென்றால் அது கடைக்காரர் வைத்த விலை. அபராதத்துக்குத் தள்ளுபடி கொடுத்தால் அடுத்தவன் வழியை மறிப்பதும் விலைக்குக் கிடைக்கிற சரக்கு ஆகிவிடுகிறது. யாருடைய பணத்தை யார் தள்ளுபடி செய்கிறார்கள் என்று நாற்பது பேரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம்தான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அந்தத் தெலங்கானாத் தள்ளுபடிப் பட்டியலில் இன்னொரு வரியும் இருந்தது. தள்ளுவண்டிகளுக்குத் தனிச் சலுகை. அதாவது தள்ளுவண்டிக்காரருக்கும் அபராதம் போட்டிருக்கிறார்கள். கட்ட முடியாமல் அது சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். 500 ரூபாய் அபராதம் அந்தக் கூலிக்காரருக்கு ஒன்றரை நாள் உழைப்பு; காரில் வருகிறவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு. பின்லாந்தில் வேகக் குற்றம் போன்றவற்றுக்கு வருமானத்தைப் பார்த்து அபராதம் போடும் முறை 1921 முதல் இருக்கிறது. 2023-ல் அங்கே ஒரு கோடீஸ்வரர், 50 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 82-ல் போனதற்கு 1,21,000 யூரோ கட்டினார். அவருக்கும் கூலிக்காரருக்கும் வலி ஒரே அளவு. நம் ஊரில் தொகை ஒரே அளவு. எது சமத்துவம் என்று யோசியுங்கள்.

“எல்லாம் சரி, நம் ஆட்களின் ரத்தத்திலேயே ஒழுங்கு கிடையாது” என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. ரத்தத்தில் குணம் ஓடுகிறது என்ற நம்பிக்கையால்தான் இந்த நாடு இரண்டாயிரம் வருஷமாகச் சீரழிகிறது. வாகன நிறுத்தத்துக்கும் அதையே கொண்டுவர வேண்டாம். இதற்கு நியூயார்க்கில் ஒரு நல்ல சோதனை தானாகவே நடந்தது. ஐக்கிய நாடுகள் சபைக்கு உலக நாடுகள் அனுப்பிய தூதர்களுக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. வாகன நிறுத்த அபராதத்தை யாரும் கட்டாயப்படுத்தி வசூலிக்க முடியாது. ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகுவல் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1997 நவம்பர் முதல் 2002 இறுதிவரை உள்ள கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். கட்டாமல் விட்ட சீட்டுகள் ஒன்றரை லட்சத்துக்கு மேல், தொகை சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலர். இவர்கள் படிக்காதவர்களா, ஏழைகளா? ஒவ்வொரு நாடும் பொறுக்கி எடுத்து அனுப்பிய மேதாவிகள். சுவீடன், நார்வே போன்ற சில நாட்டுக்காரர்கள் யாரும் கேட்காதபோதும் ஒழுங்காக இருந்தார்கள். குவைத், எகிப்து போன்ற நாட்டுத் தூதர்கள் இஷ்டத்துக்கு நிறுத்தினார்கள். ஊர்ப் பழக்கம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 2002-ல் விதி மாறியது. மூன்றுக்கு மேல் பாக்கி வைத்தால் தூதரக எண் பலகையைப் பிடுங்கலாம் என்றானது. கட்டாத தொகையை, அதோடு பத்து விழுக்காடும் சேர்த்து, அந்த நாட்டுக்குத் தரும் உதவிப் பணத்தில் கழிக்கலாம் என்றும் ஆனது. கட்டாத சீட்டுகள் ஏறக்குறைய 98 விழுக்காடு குறைந்துபோயின. ரத்தம் மாறவில்லை. பெரிய மனிதர்களையும் விட மாட்டார்கள் என்று தெரிந்ததும் நடத்தை மாறியது.

அப்படியானால் ஊரே வசூலித்துவிடலாமே என்று ஒரு யோசனை வரும். கட்டாதவர் பெயரைப் பேருந்து நிறுத்தத்தில் எழுதிப் போடு, ஊர்க்கூட்டத்தில் நிறுத்து, கோயில் மரியாதையை நிறுத்து, தன்னால் கட்டுவான் என்பார்கள். உண்மைதான், கட்டுவான். சட்டத்தில் இடமே இல்லாத ஊர்ப் பஞ்சாயத்துத் தண்டம் எவ்வளவு சீக்கிரம் கட்டப்படுகிறது என்பது நமக்குத் தெரியும். சட்டம் போட்ட 500 ரூபாய் வருஷக்கணக்கில் கிடக்கும். நாட்டாமை போட்ட ஐயாயிரம் அடுத்த நாளே வரும், தாலியை அடகு வைத்தாவது வரும். அதைப் பார்த்து ஏங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘ஊர்’ யார்? 2022 டிசம்பரில் இதே மாவட்டத்து வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அங்கே போன மாவட்ட ஆட்சியர், அய்யனார் கோயிலுக்குள் அவர்களை விடுவதில்லை என்று கேள்விப்பட்டு, அவரே அழைத்துக்கொண்டு உள்ளே போனார். டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததும் அப்போதுதான் வெளியே வந்தது. கோயில் வாசலிலேயே ஆளைத் தடுத்து நிறுத்துகிற ஊரிடம் அபராதப் புத்தகத்தைக் கொடுத்தால் யார் வண்டிக்கு முதல் ரசீது கிழியும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். கூனிக் குறுக வைத்து வசூலிக்கிற முறை எப்போதும் கீழ்நோக்கித்தான் பாயும். பெயர்ப் பட்டியலில் பெரிய வீட்டுக்காரர் பெயர் இருக்காது.

ஆகவே வசூல் சட்டத்தின் வழியாகவே நடக்க வேண்டும். ஆனால் மேலிருந்து கீழே நடக்க வேண்டும். முதலில் அரசு வாகனங்கள்; சட்டத்தை அமல்படுத்துகிறவர்களின் வாகனம் என்றால் 210-பி சொல்கிற இரண்டு மடங்கில். அடுத்து அடிக்கடி மாட்டுகிற வணிக வாகனங்கள். கடைசியில்தான் கூலிக்காரரின் டூவீலர். தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும் என்றால், வருமானம் குறைந்தவருக்குக் கொடுங்கள், இழுத்தடித்தவருக்குக் கொடுக்காதீர்கள். எந்தத் தெருவில் வசூலானதோ அந்தத் தெருவிலேயே ஒரு பங்கு செலவாகட்டும். ஒரு கோடு, ஒரு நடைபாதை, கிழவி உட்கார ஒரு திண்ணை. கட்டிய பணம் எங்கே போனது என்று கண்ணால் பார்க்கிறவனுக்குத்தான் யாருக்குக் கட்டினோம் என்பது புரியும்.

இதெல்லாம் நம் ஊருக்கு நடக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2019 ஜனவரி 20 அன்று விராலிமலை ஜல்லிக்கட்டில் 1,350-க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டு உலக சாதனை என்று கொண்டாடினோம். வேடிக்கை பார்க்க வந்த இரண்டு பேர் அன்று உயிரிழந்ததையும் சேர்த்துத்தான் அந்த நாளை நினைக்க வேண்டும். ஆயினும் கொம்பு சீவிய அத்தனை மாடுகளையும் வரிசை பிசகாமல், முறை தவறாமல் வாடிவாசலுக்குக் கொண்டுவரத் தெரிந்த ஊர் இது. முறைக்குக் காத்திருக்க மாட்டைப் பழக்கினோம். ஹேண்டில் லாக் போட்ட டூவீலர் மாட்டைவிடவா முரட்டுத்தனம் பண்ணும்?

சரி, வாசகர் என்ன செய்வது? இரண்டு காரியம். இன்றைக்கு உங்கள் வண்டி எண்ணைப் போட்டு நிலுவை இருக்கிறதா என்று பாருங்கள். நியாயமான அபராதம் என்றால் தள்ளுபடிக்குக் காத்திருக்காமல் முழுத் தொகையையும் கட்டுங்கள். அநியாயம் என்றால் நீதிமன்றத்தில் மறுத்துச் சொல்லுங்கள். கட்டினால் புண்ணியம் எதுவும் சேராது, யாரும் மாலை போட மாட்டார்கள், வேண்டியது பலிக்காது. கைம்மாறாக ஒன்றும் கிடைக்காத இடத்தில் செய்வதற்குத்தான் நேர்மை என்று பெயர். மற்றதெல்லாம் கொடுக்கல் வாங்கல்.

அந்த ரசீது கையில் இருக்கும்போதே இரண்டாவது காரியத்தையும் முடித்துவிடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன்படி பத்து ரூபாய்க்கு ஒரு விண்ணப்பம் போடலாம். மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு மூன்று கேள்வி எழுதுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த மாவட்டத்தில் அரசு வாகனங்களுக்குப் போட்ட அபராதம் எவ்வளவு, அதில் கட்டியது எவ்வளவு? 210-பி பிரிவின்படி இரண்டு மடங்கு விதித்தது எத்தனை முறை? விராலிமலையில் நோ பார்க்கிங் என்று முறைப்படி அறிவித்த இடங்கள் எவை, வாகனம் நிறுத்த ஒதுக்கிய இடங்கள் எவை? பதில் தர அவர்களுக்குச் சட்டம் கொடுத்த கெடு 30 நாள். வந்த பதிலை ஊராட்சியின் அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள். வரவில்லை என்றால் மேல்முறையீடு செய்யுங்கள். பாக்கி வைத்திருப்பவர் கேட்டால் “முதலில் நீ கட்டு” என்று வாயை அடைத்துவிடலாம். கட்டி முடித்தவர் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.